பதினான்காம் தொகுதி

வெள்ளவத்தையில் என் மேல்மாடியில் குடியிருக்கும் மேனுகா டீச்சர், கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவர். புதன்கிழமை பின்னேரம் அவர் செருப்பில்லாமல் இறங்கி வந்து என் கதவைத் தட்டினார். முகத்துவாரத்து வெள்ளம் பற்றிய முதுமாணிப் பட்ட ஆய்வேட்டில் அவர் மேற்கோள் காட்டியிருந்த 1987ஆம் ஆண்டுக் கட்டுரையின் பிரதியை, வெள்ளிக்கிழமை கொண்டுவரும்படி அவருடைய ஆய்வு மேற்பார்வையாளர் பேராசிரியர் கஜேந்திரன் கேட்டிருந்தார்.

“குடுங்கோவன்,” என்றேன்.

“நான் அதைக் கண்டதே இல்லை, அங்கிள். ஃபோனில ஏஐயிட்ட கேட்டனான், தந்துது, போட்டனான். இல்லாத கட்டுரை எண்டா ஆய்வேட்டையே தள்ளிப்போடுவினம். நாலு வருச வேலை.”

நான் பல்கலைக்கழக நூலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். அங்கே அலுமாரிக்குப் பின்னால் விழுந்த அகராதியை எடுக்கப் போன ஒருவர், ஓய்வூதிய வயதில்தான் வெளியே வந்தார். எனவே பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, மறுநாள் அவரை அங்கே அழைத்துப் போனேன்.

ஓர் ஆய்விதழின் பதினான்காம் தொகுதியில் அந்தக் கட்டுரை வந்ததாக ஆய்வேட்டில் போட்டிருந்தது. நிலவறையில் அந்த ஆய்விதழின் பதின்மூன்றாம் தொகுதி இருந்தது. பதினைந்தாம் தொகுதி இருந்தது. நடுவில் ஒரு புத்தகத் தடிப்புக்கு இடைவெளி. கையை விட்டேன். ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. பதினைந்தைத் தள்ளிப் பார்த்தேன். அது நகர மறுத்தது.

“பதினாலு அச்சடிக்கவே இல்ல,” என்றார் நூலக உதவியாளர் ஷிப்லி. “ஆனா மாசத்துக்கு ரெண்டு பேர் கேட்டு வாராங்க.”

கணினியில் தலைப்பைத் தேடினோம். கட்டுரை இல்லை. அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் மட்டும் அறுபத்து மூன்று, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எல்லாவற்றுக்கும் மூத்தது 2003இல் வந்தது. எழுதியவர் கஜேந்திரன்.

டீச்சர் அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்தார். “இதைச் சொன்னா என்னை விடுவாரே?”

“சொல்லாட்டியும் விடமாட்டார்.”

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். “கொண்டுவந்தனீங்களோ?” என்றார் பேராசிரியர்.

“இல்லை, சேர். அப்பிடி ஒரு கட்டுரையே இல்லை. நான் வாசிக்காமப் போட்டனான்.”

மின்விசிறிக்குக் கீழே இருந்தும் அவர் முகம் வியர்த்தது. “ஆருக்கெல்லாம் தெரியும்?”

“எங்களுக்கும் ஷிப்லிக்கும்.”

“உங்கட பட்டியலில கண்டவுடன, ஆரோ ஒருத்தர் கடைசியா அதைக் கண்டுபிடிச்சிட்டார் எண்டு சந்தோசப்பட்டன். இருபது வருசமாத் தேடுறன், மேனுகா. என்ர சேர் சொல்லித்தான் நானும் போட்டனான்.” ஆய்வேட்டை டீச்சர் பக்கம் தள்ளினார். “அந்த வரியை வெட்டுங்கோ. கையெழுத்து வைக்கிறன்.”

டீச்சர் சிவப்புப் பேனையால் வெட்டினார். கோடு நேராக விழுந்தது. “உங்கட கட்டுரையில, சேர்?”

“நான் அடியில நிக்கிறன். வெட்டினா மேல நிக்கிற அறுபத்திரண்டு பேரும் என்ர தலையில விழுவினம்.” கையெழுத்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “போகேக்க கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ.”