ஏழாவது வரி

என் தங்கச்சி புருஷன் ஒரு அமுக்கினி. முதுகுக்குப் பின்னாடி சொல்லல, முகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேன். பாடப் புத்தகத்துல அச்சுப் பிழை பாக்குற வேலை அவருக்கு. ஒரு புள்ளியை விடமாட்டார், ஆனா வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்குறதுக்குள்ள நமக்கு உயிர் போயிடும். நான் நேர் எதிர். இருபத்திரண்டு வருஷமா பஸ்ல கண்டக்டர். "உள்ள தள்ளிப் போங்க"ன்னு கத்திக் கத்தி, வீட்டுலயும் எனக்கு அதே தொண்டைதான்.

அன்னிக்குக் காலைல பத்து மணிக்கு அவங்க வீட்டு சென்ட்ரல் ஏசி காலை வாரி விட்டுருச்சு. எந்த நாள் பாத்து! ஏழாம் மாசமே பொறந்து, நாப்பத்து மூணு நாள் ஆஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்த எங்க பாப்பா, சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வர்ற நாள். கூடவே ஒரு நர்ஸ் வருவாங்க. தொட்டில் இருக்குற அறைல சூடு இருபத்தாறு டிகிரியைத் தாண்டினா, வந்த வண்டிலயே குழந்தையைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவோம்னு கறாரா சொல்லியிருந்தாங்க. என் தங்கச்சி ஏற்கெனவே ரெண்டு தடவை ஆஸ்பத்திரிலருந்து கிளம்புறதுக்குப் பையைக் கட்டி, ரெண்டு தடவையும் பிரிச்சவ. மூணாவது தடவையும் பிரிக்கச் சொன்னா அவ உடைஞ்சு போயிடுவா. அறைல முப்பத்தொண்ணு காட்டுது. மெஷின் என்னவோ ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. காத்துதான் பேருக்கு வருது.

மெக்கானிக்குக்குப் போன் பண்ணேன். "நாளன்னிக்குத்தான்மா வர முடியும்"னார்.

"நாளன்னிக்கு வந்து என்னத்தைப் பண்ணப் போறீங்க?"

"கோவப்படாதீங்கம்மா. ஏசியோட ஒரு புஸ்தகம் குடுத்திருப்பாங்க. கடைசிப் பக்கத்துல, 'ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை'ன்னு போட்டு எட்டு வரி இருக்கும். வரிசையா ஒவ்வொண்ணா பாருங்க. முக்கால்வாசி அதுலயே சரியாயிடும்."

புஸ்தகம்னதும் மாப்பிள்ளை முகத்துல ஒரு களை வந்துச்சு. கையோட எடுத்துட்டு வந்தார், காதுல பென்சில் வேற. ஒவ்வொரு வரியும் சத்தமா படிப்பாராம், பாத்துட்டு டிக் அடிப்பாராம். எனக்கு எரிச்சல் எரிச்சலா வந்துச்சு.

"ஒன்று. தெர்மோஸ்டாட் 'கூல்' நிலையில் உள்ளதா?" இருந்துச்சு. டிக். "இரண்டு. பிரேக்கர் விழுந்துள்ளதா?" விழல. டிக். "மூன்று. வெப்பநிலையை மிகக் குறைவாக வைத்தால் சீக்கிரம் குளிராது." பதினாறுல வெச்சிருந்தது நான்தான். அவர் இருபத்துநாலுக்கு ஏத்தினார். நாலாவது, ஃபில்டர். போன வாரம்தான் மாத்தினாராம், வெள்ளையா இருந்துச்சு. அஞ்சாவது, வெளியில இருக்குற பெட்டி. ஃபேன் சுத்துது, சுத்தி ஒரு செடி கொடி இல்ல. டிக், டிக்.

"ஆறு. எல்லா அறைகளிலும் காற்று வரும் திறப்புகள் திறந்துள்ளனவா?"

"இல்ல. மத்த மூணு அறைலயும் நான்தான் மூடினேன். ஆளே இல்லாத அறைக்கு எதுக்குக் குளிர்? எல்லாம் பாப்பா அறைக்கு வரட்டும்னுதான். அது ஒரு தப்பா?"

"அப்படி மூடக் கூடாதாம்க்கா..."

"ஆமா, இந்த வீட்டுல நான் எது பண்ணாலும் குத்தம்! நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தப்ப இந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, துடைச்சு, ஒழுங்கு பண்ணது யாரு?"

பொரிஞ்சு தள்ளிட்டேன். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, மூணு அறைலயும் திறந்துவிட்டுட்டு வந்தார். புஸ்தகத்தைப் பாத்தார். நடையில, பாப்பா துணிக்குன்னு நான் வாங்கிப் போட்ட மர அலமாரியைப் பாத்தார். என்னைப் பாத்தார்.

"எட்டு"ன்னார்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. டிக்கெட் எண்ணி எண்ணிப் பழகின காது இது.

"ஏழு எங்க?"

"அது... அப்புறம் பாத்துக்கலாம்க்கா."

புள்ளியைக்கூட விடாத மனுஷன் ஒரு முழு வரியை விடுறார்னா? புஸ்தகத்தைப் பிடுங்கினேன். 'ஏழு. காற்றை உள்ளே இழுக்கும் கம்பித் திறப்பை மரச்சாமான்கள் மறைத்துள்ளனவா?'

நடையில சுவர் அடியில ஒரு பெரிய கம்பிச் சட்டம் இருந்துச்சு. பாக்க அசிங்கமா இருக்கேன்னு, போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, அலமாரியை அதுமேல ஒட்ட வெச்சு மறைச்சது நான். தங்கச்சி வந்து பாத்து அசந்து போகணும்னு. ஏறுற படிக்கட்டை அடைச்சுட்டு, பஸ்ல ஏன் ஆளே இல்லன்னு கேட்ட கதை!

"தெரிஞ்சும் ஏன் சொல்லல மாப்பிள்ளை?"

தரையைப் பாத்துக்கிட்டே சொன்னார். "ஆசையா வாங்கினீங்க. சொன்னா கத்துவீங்க. நீங்க தூங்கும்போது நகர்த்திக்கலாம்னு..."

"நாலு மணிக்குக் குழந்தை வருது. நான் எப்ப தூங்கி, நீங்க எப்ப நகர்த்த?" கத்தத்தான் ஆரம்பிச்சேன், பாதிலயே நிறுத்திட்டேன். பெத்த பிள்ளை வீட்டுக்கு வர்றதைவிட என் வாய்க்கு இந்த மனுஷன் பயந்திருக்கார். வெக்கமா இருந்துச்சு. சொல்றதுக்கு என்ன, அழுகையே வந்துச்சு.

ரெண்டு பேரும் சேந்து அலமாரியை ஹால் நடுவுக்கு இழுத்தோம். அப்புறம் எட்டாவது வரி, உள்ள இருக்குற குழாயைப் பாக்கச் சொல்லுது. எல்லாத்தையும் அணைச்சுட்டு, உள்ள மெஷின் இருக்குற அறைக் கதவைத் திறந்தா, செம்புக் குழாய் மேல வெள்ளையா ஐஸ் கட்டி நிக்குது! போதுமான காத்து போகாததால, குளிர் அங்கயே உறைஞ்சு போச்சாம். குளிர்விப்பை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓட விட்டு, முழுசா உருகுற வரைக்கும் காத்திருக்கணும். மூணு மணி நேரமும் ஆகலாம்னு போட்டிருந்துச்சு. மணி பதினொண்ணரை.

"இந்த வேகாத வெயில்ல ஏசியை நிறுத்துறதா? ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுங்க, ரெண்டே நிமிஷத்துல கொத்தி எடுத்துடறேன்."

"கை வைக்காதீங்க!"

நான் பின்னாடி திரும்பிப் பாத்தேன், வேற யாராவது வந்துட்டாங்களான்னு. யாரும் இல்ல. அமுக்கினிதான். "குழாய் ஓட்டையாச்சுன்னா இன்னிக்கு இல்ல, இந்த மாசமே நடக்காது. காத்திருப்போம்க்கா. அவளும் நாப்பத்து மூணு நாள் காத்திருந்தா."

வாயை மூடிக்கிட்டு உக்காந்தேன். சொட்டுச் சொட்டா தண்ணி இறங்குச்சு. பழைய துண்டை விரிக்கிறது, பிழியறது, திரும்ப விரிக்கிறது. அறைல முப்பத்திரண்டு ஆச்சு. நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை மணியைப் பாத்தேன். அவர் பென்சிலைக் கடிச்சுக்கிட்டே இருந்தார்.

ரெண்டு மணிக்குக் குழாய் சுத்தமாச்சு. குழாயைத் தடவிப் பாத்துட்டு, ஏசியைப் போட்டார். காத்து குப்புன்னு வந்துச்சு பாருங்க, திரைச்சீலை எல்லாம் எழுந்து ஆடுது! மூணு மணிக்கு இருபத்தொம்பது. மூணரைக்கு இருபத்தேழரை. நாலு அடிக்க அஞ்சு நிமிஷம், இருபத்தாறு. வாசல்ல வண்டி வந்து நின்னுச்சு.

நர்ஸ் முதல்ல தனியா உள்ள வந்து, பையிலிருந்து அவங்க தெர்மாமீட்டரை எடுத்துத் தொட்டில் மேல வெச்சாங்க. அஞ்சு நிமிஷம். நான் மூச்சு விட்டா அறை சூடாயிடுமோன்னு அதையும் அடக்கிக்கிட்டு நின்னேன்.

"இருபத்தஞ்சரை. குழந்தையைக் கொண்டு வாங்க."

என் தங்கச்சி துணிச்சுருளை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உள்ள வந்தா. வந்தவ கண்ணு முதல்ல அலமாரி மேலதான் போச்சு. "இது ஏன் ஹால் நடுவுல நிக்குது?"

"இங்கதான் காத்தோட்டமா இருக்கும்னு..."ன்னு ஆரம்பிச்சார் மாப்பிள்ளை.

"பொய் சொல்லாதீங்க. நான்தான்டி எல்லாத்தையும் கெடுத்தேன். உன் புருஷன்தான் சரி பண்ணார்"னேன். அவ ஒண்ணும் புரியாம சிரிச்சுட்டு, பாப்பாவை என் கையில குடுத்தா. கண்ணாடிக்கு வெளியில நின்னே பாத்த குழந்தை. ஒரு டிக்கெட் கட்டு அளவுக்குத்தான் கனம்.

நர்ஸ் ஒரு தாளை நீட்டினாங்க, குழந்தையை எப்படிப் பாத்துக்கணும்னு. மாப்பிள்ளை காதுலருந்து பென்சிலை எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா படிச்சார். மூணு வரி படிச்சார், நாலாவதுல நின்னார். என்னைப் பாத்தார்.

"ஒண்ணுகூட விடக் கூடாது மாப்பிள்ளை"ன்னேன்.

"நான்கு. குழந்தையின் அருகில் உரக்கப் பேசக் கூடாது." நல்லா நிறுத்தி, தெளிவா படிச்சார். படிச்சுட்டு, பிழை ஏதும் இருக்கான்னு பாக்குற மாதிரி, இன்னொரு தடவையும் படிச்சார்.

"சரிங்க மாப்பிள்ளை"ன்னு சொன்னேன். பக்கத்துல நின்ன என் தங்கச்சிக்கே அது கேக்கல.