ஏழரை சிசி

எட்டு மாதமாக அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. அதன்மேல் ஒரு விமானம் உட்கார்ந்திருந்தது. இறக்கை நுனிக்கு நுனி ஒன்றரை மீட்டர். லேசான மரச்சட்டங்களும் மெல்லிய பிளாஸ்டிக் தோலுமாக, ரேடியோவில் ஓட்டி வானத்தில் குட்டிக்கரணம் போடவைப்பதற்கென்றே செய்தது. செய்தவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அண்ணன் வீட்டு மாடியறையில் குடியிருந்தான். அந்த அறைக் கதவில் இறக்கை நுழையவில்லை என்று பசை டப்பாவோடு கீழே வந்தவன், மெல்ல மெல்ல மேசை முழுவதையும் வளைத்துப் போட்டுவிட்டான்.

அண்ணி அதற்கு முகம் சுளிக்கவில்லை. பார்சல் கவுன்டரில் வேலை பார்ப்பவள் அவள். பன்னிரண்டு வருடமாகப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி, தராசில் வைப்பதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடுகிற கை அவளுக்கு வாய்த்திருந்தது. எதையும் ஒருதரம் தூக்கிப் பார்க்காமல் தாண்டிப்போக அவளால் முடியாது. விமானத்தையும் வாரம் ஒருமுறை தூக்கிப் பார்ப்பாள்.

"ஏறிக்கிட்டே போகுது தம்பி."

"பெயின்ட் அண்ணி, பெயின்ட்" என்பான் அவன், திருட்டுமுழி முழித்துக்கொண்டு.

எல்லாம் முடிந்து எஞ்சின் மட்டும் பாக்கி. பழைய விமானத்திலிருந்து கழற்றிய ஏழரை சிசி எஞ்சின் ஒன்று அவனிடம் இருந்தது. ஆனால் விமானம் விடுகிற மைதானத்துக்கு வாரம் தவறாமல் வருகிற கண் டாக்டர் அவன் மனதைக் கலைத்துவிட்டார். "ஏழரையா? அதைப் போட்டா பட்டாம்பூச்சிதான் விடலாம். என்கிட்ட பதினஞ்சு சிசி சும்மா தூங்குது, எடுத்துட்டுப் போ" என்று கையிலேயே கொடுத்தும் அனுப்பினார்.

அன்று மாலை இரண்டு எஞ்சின்களும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, மாமியாரும் மருமகளும் மாதிரி, ஒன்றையொன்று பார்க்காமல்.

"பெருசையே போடேன்டா" என்றான் அண்ணன், தட்டை மடியில் வைத்துக்கொண்டு. "ஏழரைன்னு பேரைக் கேட்டாலே ஆகாது. வீட்டுல ஏழரையைக் கூட்டாதே."

அண்ணி விமானத்தின் பாகங்கள் வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: ஏழரை முதல் பத்து சிசி வரை.

"ஏன் தம்பி, பெருசா இருந்தா நல்லதுன்னா, இவங்க எதுக்குப் பத்தோட நிறுத்திட்டாங்க?"

மெக்கானிக் பெரிய எஞ்சினைத் துணியால் துடைத்தான். "அது... சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

"யாருக்குப் பாதுகாப்பு?"

அவன் இன்னும் அழுத்தித் துடைத்தான். அண்ணிக்கோ பதில் இல்லாத கேள்வி என்றால் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, எடுக்கிற வரை நிம்மதி கிடையாது. சமையலறைத் தராசை எடுத்து வந்தாள். சைலன்சரோடு ஏழரை ஐந்நூறு கிராம். பதினைந்து கிட்டத்தட்ட எண்ணூறு. பெரியதை மூக்கில் மாட்டச் சொல்லி, இரண்டு இறக்கைக்கும் அடியில் ஒவ்வொரு விரலைக் கொடுத்து விமானத்தைத் தூக்கினாள். அது தூங்கி விழுகிறவன் தலை மாதிரி முன்பக்கம் தொங்கியது.

"அதுக்கு வழி இருக்கு அண்ணி. வால்ல ஈயம் ஒட்டிட்டா சரியாயிடும்."

வாலில் ஒவ்வொரு ஈயத்துண்டாக வைத்துப் பார்த்தார்கள். மட்டமாக நிற்பதற்கு நூற்றுப்பத்து கிராம் வேண்டியிருந்தது.

"மூக்கு பெருத்ததுக்கு வாலுக்குத் தண்டனையா?" என்று சிரித்தாள். ஆனால் மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முந்நூறு, அதன்மேல் நூற்றுப்பத்து. அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தூக்கவேண்டிய இறக்கை மட்டும் அதே இறக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளும் மைதானத்துக்குக் கிளம்பிவிட்டாள். பயணப் பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசைப் பையில் போட்டுக்கொண்டாள். "அது எதுக்கு?" என்று கேட்ட புருஷனிடம், "எஞ்சின் எத்தனை கிலோ இழுக்குதுன்னு பார்க்கணும்" என்றாள்.

விமானத்தின் வால்பக்கம் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் தராசை மாட்டி, தராசை வேலிக் கம்பத்தில் கட்டினார்கள். எஞ்சின் அலறியது. புல் பின்னால் படுத்தது. தராசில் ஐந்து கிலோவுக்கு மேல் காட்டியது. விமானத்தின் எடையோ எரிபொருளோடு சேர்த்து மூன்று கிலோவும் கொஞ்சமும்தான்.

"பார்த்தியா!" என்றார் டாக்டர். "ராக்கெட்!"

உண்மையில் ராக்கெட்தான். ஓடத் தொடங்கியதுமே செங்குத்தாகக் கிளம்பிப் புள்ளியாகிவிட்டது. மெக்கானிக் முகமெல்லாம் பல். அண்ணியும் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தாள். அட்டைப்பெட்டிக்காரன்தான் பொய் சொல்லியிருக்கிறான் போல என்றுகூட அவளுக்குத் தோன்றிவிட்டது.

இறக்கும்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. வேகத்தைக் குறைத்தால் விமானம் மிதக்கவில்லை, அமுங்கியது. மெக்கானிக் பயந்து வேகத்தைக் கூட்டினால் மைதானத்தைத் தாண்டி ஓடியது. மூன்றாவது தடவை இன்னும் கொஞ்சம் மெதுவாகக் கொண்டுவரலாம் என்று திருப்பினான். இடது இறக்கை திடீரென்று கைவிட்டது. இரண்டு ஆள் உயரத்திலிருந்து பொத்தென்று புல்லில் விழுந்து, சக்கரங்கள் ஒருபக்கம், எஞ்சின் மாட்டிய பலகை ஒருபக்கம் என்று கிடந்தது.

மெக்கானிக் ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றாமலே நின்றான். அண்ணி போய்ச் சக்கரங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். "உடல் தப்பிச்சுருச்சு தம்பி. ஒட்டிக்கலாம்" என்றாள். பத்தோடு நிறுத்தச் சொன்ன பெட்டியைப் பற்றிப் பேச வாய் துறுதுறுத்தது; சக்கரங்களைத் துடைக்கத் தொடங்கினாள்.

ஒரு வாரம் மேசையில் மறுபடி பசை வாசனை. இந்தத் தடவை ஏழரையை மாட்டினார்கள். ஈயம் தேவைப்படவில்லை. அண்ணி விரல்களில் தூக்கியதும் ஆடாமல் அசையாமல் நின்றது. அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம். இனி பேச்சுக்கே இடமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு விமானம் இலவம்பஞ்சு மாதிரி மிதந்தது. நடக்கிற வேகத்தில்கூட இறங்கியது. ஆனால் மெக்கானிக் அதைச் செங்குத்தாக ஏற்றியபோது, பாதி வழியில் மூச்சு வாங்கி, ஏக்கத்தோடு மேலே பார்த்தபடி நின்று, மல்லாக்கச் சாய்ந்தது. மூன்று தடவையும் அப்படியே.

"நான் சொன்னேன்ல, பட்டாம்பூச்சி" என்றார் டாக்டர்.

மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். "என்ன அண்ணி, உங்க தராசு என்ன சொல்லுது?"

வேலிக் கம்பத்தில் கட்டிப் பார்த்தார்கள். இரண்டு கிலோ நானூறு. விமானமோ எரிபொருளோடு இரண்டு கிலோ எழுநூறு. அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. தன் எடையைவிடக் குறைவாக இழுத்தால் அது எப்படி நிமிர்ந்து ஏறும்? பெரியது தப்பு, சரி. சின்னதும் தப்பா? அப்போது கணக்கில் எங்கேயோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

சாமான் பெட்டியைத் திறந்து கிளறினாள். எஞ்சின் முனையில் மாட்டுகிற காற்றாடிகள் நாலைந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள். மூக்கில் மாட்டியிருந்ததில் பத்து, ஏழு. இன்னொன்றில் பன்னிரண்டு, நாலு.

"இது என்ன தம்பி, ரெண்டு நம்பர்?"

"முதல் நம்பர் நீளம், அங்குலத்துல. ரெண்டாவது, ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் முன்னால போகும்னு. திருகாணி மாதிரின்னு வெச்சுக்கோங்க. மரை அகலமா இருந்தா ஒரு சுத்துல நிறைய உள்ள போகும்."

"அகல மரைத் திருகாணியைத் திருகக் கை வலிக்குமே?"

"வலிக்கும்."

"அப்போ ஏழுங்கிறது இந்தச் சின்ன எஞ்சினுக்குக் கை வலிக்குது. நாலை மாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாத் தின்னட்டும், ஆனா நீளமா இருக்கறதால நிறையக் காத்தைத் தள்ளுமில்ல?"

மெக்கானிக் அவளையே பார்த்தான். லிஃப்டில் பற்சக்கரம் மாற்றுகிறவன் அவன். இது அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வேகம் போய்விடுமே என்று அந்தக் காற்றாடியை அவன் கையால் தொட்டதே இல்லை. ஸ்பேனரை எடுத்தான்.

கயிறு விறைத்தது. எஞ்சின் சத்தம் கரகரப்பை விட்டுத் தெளிந்தது. அண்ணி குனிந்து தராசை இரண்டு தடவை படித்தாள்.

"மூணு கிலோ நூத்தம்பது! அதே எஞ்சின்தானே தம்பி? ஏதும் மாத்தலையே?"

"சத்தியமா மாத்தலை!"

விமானம் நேராக மேலே ஏறியது. ராக்கெட் மாதிரி அல்ல, ஏணியில் ஏறுகிறவன் மாதிரி, அவசரப்படாமல். உச்சியில் ஒரு நொடி நின்று, வாலை வீசித் திரும்பி, அதே நிதானத்தில் கீழே வந்தது. அந்த நீளக் காற்றாடியே இறங்கும்போது பிரேக்காக நின்றது. போகிற வேகமும் வருகிற வேகமும் ஒன்றாகவே இருந்ததால் அவன் போட்டுக் காட்டிய குட்டிக்கரண வட்டம் உண்மையாகவே வட்டமாக விழுந்தது. டாக்டர் தன் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணி, இதையும் கொஞ்சம் கட்டிப் பாருங்களேன்."

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் விமானம் பின்சீட்டில் படுத்திருந்தது. மெக்கானிக் காரை ஓட்டிக்கொண்டே சீட்டியடித்தான். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? நாம கம்பத்துல கட்டிவெச்சுத்தானே இழுப்பைப் பார்த்தோம். கட்டி நிக்கும்போது இழுக்கிற இழுப்பும் காத்துல ஓடும்போது இழுக்கிற இழுப்பும் ஒண்ணாவா இருக்கும்?"

சீட்டி நின்றது. சிவப்புக்காக நின்றிருந்த சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்த பிறகுதான் அவன் கியரைப் போட்டான்.