கொள்ளிச்சட்டியும் போலந்து பெர்மிட்டும்

போலந்துக்காரன் வா என்று சொல்லிவிட்டான். இங்கே இருக்கிறவன்தான் போகாதே என்றான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பழமொழியை எங்கள் காலனியைப் பார்த்துத்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் சக்திவேல் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தார். கம்பெனி பஸ் விடியற்காலையில் உத்திரமேரூரில் ஏற்றிக்கொள்ளும், இருட்டிய பிறகு இறக்கிவிடும். காண்ட்ராக்ட் முடிந்ததும் பஸ்ஸும் நின்றுபோனது. அப்புறம் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். அதுவும் அறுப்புக் காலத்தோடு சரி. அப்போதுதான் சென்னை ஏஜெண்ட் ஒருவர் மூலமாகப் போலந்தில் காளான் பண்ணை வேலை வந்தது. இங்கே நாற்று நடக் குனிகிறோம், அங்கே காளான் பறிக்கக் குனிய வேண்டும், அவ்வளவுதானே வித்தியாசம் என்று நான் கேலி பண்ணினேன். அவர் சிரித்தார். அந்த ஆள் சிரித்து நான் வெகு நாள் பார்த்திருக்கவில்லை.

வேலை பெர்மிட் போனில்தான் வந்தது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, லேமினேஷனும் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஜனங்களுக்கு எந்தக் காகிதம் கிடைத்தாலும் முதலில் லேமினேஷன் போட்டுவிட வேண்டும். எழுத்துக்கு மேலே புள்ளியும் கீழே வாலுமாக என்னவோ எழுதியிருந்தது. நடுவில் சக்திவேல் வேதகிரி என்று இங்கிலீஷில் இருந்ததை மட்டும் என் மகள் சந்தியா எழுத்துக் கூட்டிப் படித்தாள். என் மாமியார் சிட்டம்மாள் அதற்குக் குங்குமம் வைத்தாள்.

விசாவுக்கு இன்னும் ஒரே ஒரு காகிதம் வேண்டும் என்றார் ஏஜெண்ட். பிசிசி என்று அதற்குப் பெயர். இவன் மேல் கேஸ் எதுவும் இல்லை என்று போலீஸ் விசாரித்துத் தருகிற நல்லவன் சர்டிபிகேட். விசாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் அது கையில் இல்லையென்றால் வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் கோழி கூடத் திருடாதவர். அது என்ன பெரிய விஷயம் என்று இருந்துவிட்டோம்.

ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். தம்பி கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாயா, கையெழுத்து போட்டாங்களா?"

"எம் மேல கேஸ் கீதாம்."

"இன்னா கேசு? ஆள மாத்தி சொல்றாங்களா?"

"மாத்திலாம் சொல்லல. நைனா கேசு. நான்தான் ஏ ஒன்னாம்."

நைனா என்றால் என் மாமனார் வேதகிரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் செத்துப்போனார். எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற பாதை பஞ்சாட்சரம் என்பவருடைய நிலத்தின் ஓரமாகப் போகும். காலங்காலமாகப் பிணம் போன பாதை. அந்த வருஷம் அவர் அதையும் சேர்த்து ஓட்டி நாற்று நட்டுவிட்டார். சுற்றிப் போகலாம் என்றால் ஏரி வழியாகத்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் அங்கே மார்பளவு தண்ணீர் நிற்கும். பாடையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? நட்ட பயிர் மேலேயே நடந்து போய்ச் சுடுகாடு சேர்த்துவிட்டு வந்தார்கள்.

சாயங்காலமே போலீஸ் வந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "மொதல்ல நெலத்துல கால வச்சது யாரு?" என்று கேட்டார் ஒருவர். நான் அங்கேதான் இருந்தேன். அழுது அழுது தொண்டை கட்டிப்போன என் மாமியார் தலையைத் தூக்கி, "எம் புள்ளதான் சார். பெரிய புள்ள. கொள்ளிச்சட்டி ஏந்திக்கினு அவன்தான் மொதல்ல போனான்," என்றாள். எத்தனை பெருமையாகச் சொன்னாள்! தகப்பனுக்கு முன்னால் பிள்ளை போகாமல் வேறு யார் போவார்கள்? சாவு வீட்டில் வந்து யார் முன்னால் போனது என்று கேட்டால், எங்களுக்குத் துக்கம் விசாரிப்பதாகத்தான் தோன்றியது. பின்னால் போனவர்களின் பெயரையும் கேட்டார். தூக்கியவர்கள் பேரைச் சொல்வது மரியாதை என்று நாங்களே ஒவ்வொன்றாகச் சொன்னோம். அப்படி எல்லோரும் கேஸில் சேர்ந்தார்கள். முன்னால் போனவர் முதல் எதிரி ஆனார்.

அப்புறம் சம்மன் எதுவும் வரவில்லை. கேஸ் எங்கேயோ தூங்கிவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். மறக்காமல் இருந்தது என் மாமியார் கொடுத்த மனு ஒன்றுதான். அந்தப் பாதையைச் சுடுகாட்டுப் பாதை என்று பதிவு செய்து தரச் சொல்லி, திங்கட்கிழமை தோறும் மனு நாளுக்குக் காஞ்சிபுரம் போய் நின்றாள். சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்துவிட்டுப் போயிருந்தார். அது மேலே போய்விட்டது, ஆர்டர் வர வேண்டியதுதான் பாக்கி என்று எல்லோரும் சொன்னார்கள்.

உத்திரமேரூரில் பாண்டுரங்கன் என்று ஒரு வக்கீல். அவரிடம் போனோம். கேஸை நடத்தினால் ஜெயிக்கலாம், ஆனால் வருஷக்கணக்காகும் என்றார். "அதுக்குள்ள போலந்துல காளான் முளைக்கறதே நின்னுபூடும்" என்று ஒரு ஜோக் வேறு. இன்னொரு வழி, ராஜி, அதாவது சமரசம். பயிர் அழிந்தது என்று புகார் கொடுத்தவரே எனக்குப் புகார் இல்லை என்று கோர்ட்டில் சொல்லிவிட்டால் அன்றைக்கே முடிந்துவிடும். கேஸில் இருக்கிற எல்லோருக்கும் விடுதலை.

ஆகவே பஞ்சாட்சரம் வீட்டுக்குப் போனோம். நானும், என் வீட்டுக்காரரும், என் மாமனாரின் தம்பி ரங்கன் மாமாவும். அந்த மனிதர் எங்களைத் திட்டவில்லை. களத்தில் நாற்காலி போடச் சொன்னார். எங்களுக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ வந்தது.

"ஒரு புள்ள வெளிநாடு போய் நல்லா இருக்கப்போறான்னா நான் குறுக்க நிப்பனா?" என்றார். "நாளைக்கே வந்து சொல்லிடறேன். நீங்களும் ஒண்ணு செய்யணும். அந்தம்மா குடுத்த மனுவ வாபஸ் வாங்கிடணும். அந்த வழியில எங்களுக்குப் பாத்தியம் இல்லன்னு கேசுல கீற எல்லாரும் எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். எனக்கு அந்த டீயை அவர் முகத்தில் ஊற்ற வேண்டும் போல இருந்தது. ஆனால் குடித்தேன். குடித்துக்கொண்டே, நாளைக்குக் கையெழுத்தானால் விசாத் தேதிக்குள் அந்த சர்டிபிகேட் வந்துவிடுமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவர் மேல் இருந்த ஆத்திரத்தைவிட என் மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் காலனி ஜனம் கூடியது. ரங்கன் மாமாதான் முதலில் பேசினார்.

"எங்க அண்ணன தோள்ல வச்சிக்கினு அந்த சேத்துல நின்னவன் நானு. ஆர்டர் வர நேரத்துல எழுதிக் குடுத்துட்டு, நாளிக்கு ஏரியில மெதந்துக்கினு போறதா? சக்தி போவட்டும், வாணான்னு சொல்லல. கேச நடத்தியே போவட்டும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கூட்டத்தில் தலைகள் ஆடின. என் வீட்டுக்காரர் தரையில் ஒரு குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் இப்படியே எழுந்து வந்து, நாளைக்கு மறுபடியும் மூட்டை தூக்கப் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. பெண்கள் பேசுகிற இடம் இல்லைதான். பேசிவிட்டேன்.

"மாமா, செத்தவங்களுக்கு வயி வோணும், சரி. உயிரோட கீறவங்களுக்கு வோணாமா? எம் பொண்ணுக்கு இன்னா வயி கீது இங்க? இந்த பெர்மிட் பூட்டா இன்னொண்ணு வருமா? வரும்னு யாராவது சொல்லுங்க, நான் எயிந்து பூடறேன்."

எல்லோரும் என் மாமியாரைப் பார்த்தார்கள். மனு அவள் பேரில்தானே இருக்கிறது. அவள் வாயில் வைத்திருந்த முந்தானையை எடுத்தாள்.

"அன்னிக்கு எம் புள்ள பேர நானேதான சொன்னேன்," என்றாள். "நானே எடுத்துடறேன்."

கோர்ட்டில் ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டார்கள். கூலிக்குப் போகாமல் எல்லோரும் வந்து நின்றார்கள். செங்கல் சூளைக்குப் போயிருந்தவர்கள்கூடச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்கள். யாரும் மிரட்டவில்லையே என்று ஜட்ஜ் கேட்டதற்கு எல்லோரும் இல்லை என்றார்கள். வழியில் பாத்தியம் இல்லை என்றும் சேர்த்து எழுதியிருந்த ராஜிப் பத்திரத்தில் முதலில் கைநாட்டு வைத்தது ரங்கன் மாமா. வைத்துவிட்டு மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். "சக்தி, போய் சேந்ததும் போன் பண்ணு," என்று மட்டும் சொன்னார். அவருடைய மகன் எல்லப்பன் அடுத்ததாகக் கையெழுத்துப் போட்டான்.

அப்புறம் எல்லாம் நடந்தது. பிசிசி வந்தது. விசா வந்தது. என் வீட்டுக்காரர் போனார். அதே வாரத்தில் பஞ்சாட்சரம் நிலத்தைச் சுற்றிக் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். நல்லவன் சர்டிபிகேட்டை எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தார் என் வீட்டுக்காரர். நான் அதைப் பார்ப்பதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவார். இருட்டு அறையில், அடுக்கு அடுக்காக வைத்த தட்டுகளுக்கு நடுவே, தலையில் விளக்கு கட்டிக்கொண்டு வேலையாம். குளிர் எலும்பைக் கடிக்கிறதாம். "இங்கயும் குனிஞ்சிக்கினுதான் கீறேன்," என்பார். நான் கேலி பண்ணியது அவருக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, அதற்கு நாங்கள் இரண்டு பேருமே சிரிப்பதில்லை.

இந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. மூச்சு வாங்குகிறது என்று படுத்த ரங்கன் மாமா அப்புறம் எழுந்திருக்கவில்லை.

நான் போனேன். எப்படிப் போகாமல் இருப்பது? வழியை எழுதிக் கொடுக்க வைத்தவள் வருகிறாள் பார் என்று யாராவது ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியிலேயே ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போனேன். ஆனால் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார்கள். மருமகள் முறைக்கு நான் எடுத்துப் போன கோடித் துணியை வாங்கிக்கொண்டார்கள்.

பாடையைத் தூக்க ஆள் போதவில்லை. இளவட்டங்களில் பாதிப்பேர் சூளையிலும் கம்பெனியிலும் இருந்தார்கள். ஏரிக்கரை வரைக்கும் பெண்கள் நாங்களும் போனோம். அதற்கு மேல் ஆண்கள் தண்ணீரில் இறங்கினார்கள். இடுப்புக்கு வந்தது, அப்புறம் மார்புக்கு வந்தது. பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். முன்னால் எல்லப்பன் கொள்ளிச்சட்டியை இரண்டு கையாலும் உயர்த்திக்கொண்டு போனான். பறை அடிக்க முடியவில்லை, பறையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார்கள். சத்தமே இல்லாமல் போகிற சாவு ஊர்வலத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுவில் பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. கரையில் இருந்த நாங்கள் எல்லோரும் ஐயோ என்று கத்தினோம். எப்படியோ நிமிர்த்திவிட்டார்கள். என் பக்கத்தில் நின்ற என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. பார்க்க வேண்டியவள் நான்தான் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். வாசலில் எல்லப்பன் வந்து நின்றான். மழித்த மீசை, மழித்த தலை, காய்ந்தும் காயாத வேட்டி. முழங்காலில் இன்னும் ஏரிச் சேறு இருந்தது. சரி, வந்துவிட்டான் என்று எழுந்து நின்றேன். நேருக்கு நேராகக் கேட்பதற்கு அவனுக்குத்தான் முழு உரிமை.

"அண்ணி, அந்த ஏஜெண்ட் நம்பர் உங்கிட்ட கீதா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்த ஏஜெண்ட்?" என்றேன்.

"அண்ணன அனுப்பினவரு. காரியம் முடிஞ்சதும் பாஸ்போர்ட்டுக்கு எழுதலாம்னு கீறேன்." அப்புறம் கேட்டான். "அன்னிக்கு கோர்ட்டுல எல்லார் பேரையும்தான எடுத்தாங்க? எம் பேர்லயும் இப்ப கேஸ் கெடயாது இல்ல?"

"கெடயாது," என்றேன்.

"நல்லவேள, அன்னிக்கு நீ வாயத் தொறந்து பேசின அண்ணி. இல்லன்னா நானும் இங்கயே கெடந்து அழுவணும்."

அவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே என் மாமியார் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். எல்லப்பன் போனை நீட்டினான். நம்பரை இரண்டு தடவை தப்பாகப் போட்டுவிட்டு, மூன்றாவது தடவை சரியாகப் போட்டுக் கொடுத்தேன்.