கிட்டாருக்கு ரெண்டு தரம்

சத்யா ஏலம் கூறினால் செத்த மீனும் ஒரு தடவை வாலை ஆட்டிவிட்டுத்தான் விலைபோகும் என்று பழவேற்காட்டுப் பக்கம் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் ஏமாந்தவர்கள், மீதிப் பேர் அவளால் பிழைத்தவர்கள். இரண்டு சாராரும் ஒத்துப்போகிற விஷயம் இது ஒன்றுதான். காலையில் படகுகள் கரையேறியதும் ஏலக் கொட்டகையின் நடுவில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாள். எவன் வாங்க வந்தவன், எவன் வேடிக்கை பார்க்க வந்தவன், எவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் உருகுகிறவன் என்பதை முகத்தைப் பார்த்தே பிரித்துவிடுவாள். அவளுடைய புருஷன் தினகரனுக்கு இதில் பெருமையும் உண்டு, சங்கடமும் உண்டு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் ஒரு பொய்யையும் அவனால் உருப்படியாகக் கரைசேர்க்க முடிந்ததில்லை.

அப்படிப்பட்டவளிடம் போய் எனக்கு ஒரு கிட்டார் வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது?

தினகரன் கடலுக்குப் போகிறவன். அதோடு, அம்மன் திருவிழாக்களில் இளங்கோவன் நடத்தும் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவன். வாசித்தவன் என்றுதான் இப்போது சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு விடியற்காலையில் அவன் நங்கூரக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது, படகின் பின்பக்கம் இருந்த பூபதி அவசரப்பட்டு எஞ்சினை முடுக்கிவிட்டான். ஓடிய கயிறு தினகரனின் இடது கை மோதிர விரலைச் சுற்றிப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பூபதி அவனுக்கு மச்சான் முறை, கூட்டாகப் படகு வாங்கியவன், சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவன். கடலில் நடந்ததைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது தினகரனின் கட்சி. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பூபதிதான் வேறு படகுக்குப் போய்விட்டான். தினகரன் எதிரே வந்தால் சந்து தேடி ஒதுங்கினான்.

விரல் போனதில் தினகரனின் பழைய கிட்டாரும் போயிற்று. அதன் கழுத்து அகலம். போன விரலின் வேலையையும் பார்க்க வேண்டிய சுண்டுவிரல் எட்டவேண்டிய கம்பிக்கு எட்டாது. சுண்ணாம்புக்குளத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்குச் சூளூர்ப்பேட்டையிலிருந்து வந்திருந்த வாத்தியக்காரர் ஒருவர் வேறு மாதிரியான கிட்டார் வைத்திருந்தார். சின்ன உடம்பு, ஒல்லிக் கழுத்து, வார்னிஷ் மங்கிப்போன பழைய கல்கத்தாச் சரக்கு. ஐம்பது வருடத்துக்கு முன்னால் கையால் செய்தது, இப்போது யாரும் செய்வதில்லை என்றார். மரியாதைக்கு வாங்கிப் பிடித்துப் பார்த்த தினகரனுக்கு, சுண்டுவிரல் போக வேண்டிய இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்தது. ஒரு பாட்டை முழுதாக வாசித்தான். முடித்ததும், பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்க்க, குலுங்கி அழுதான். எவ்வளவு கேட்டும் அவர் கொடுக்கவில்லை. கொடுக்காதது நியாயம்தான், யார் கொடுப்பார்கள்?

அதே மாதிரி கிட்டார் ஒன்று இணையத்தில் ஏலத்துக்கு வந்திருக்கிறது என்று இளங்கோவன்தான் போனில் அனுப்பினான். அன்றிலிருந்து தினகரனுக்குச் சோறு இறங்கவில்லை. இது போனால் இனி வாசிப்பே இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"இன்னாய்யா, மொகம் கருவாடு மாதிரி காஞ்சு கெடக்குது?" என்று கடைசியில் சத்யாவே கேட்டாள்.

அவன் போனை நீட்டினான். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். முறுக்காணிகளைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், பின்பக்கத்தைத் தேடினாள்.

"செவுளத் தூக்கிப் பாக்க முடியாத சரக்கு. இத்த வாங்கினா நீ வாசிப்பியா?"

"வாசிப்பேன் சத்யா."

அவள் படத்தை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன பார்த்தாளோ, வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"கூர மாத்தறதுக்கு எடுத்த சீட்டுப் பணம் கீது. அத்தத் தாண்டி ஒத்தக் காசு போவ மாட்டேன், இப்பவே சொல்ட்டேன். ஏலத்த நான்தான் கேப்பேன். நீ கேட்டா ஆச மூஞ்சில வழியும், எதிராளி மோப்பம் புடிச்சுடுவான்."

"இது போன்ல கேக்கறது சத்யா. மூஞ்சே தெரியாது."

"மூஞ்சே இல்லாம அது இன்னா ஏலம்?" என்று அவள் நிஜமாகவே கோபித்துக்கொண்டாள்.

ஏலம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு முடிவதாக இருந்தது. குப்பத்தில் போனுக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைப்பது ஏலக் கொட்டகையை ஒட்டிய கரையில் மட்டும்தான். வீட்டில் இருந்தால் ஒரு படம் திறப்பதற்குள் ஒரு வலையே பின்னிவிடலாம். அதனால் மூன்று மணிக்கே இருவரும் வந்து, காலியான மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். கொட்டகையில் ஈயும் ஒரு நாயும் தவிர யாரும் இல்லை.

தினமும் கரையில் ஏலம் கூறுகிற சத்யா, கேட்கிறவர்களின் வித்தை எல்லாவற்றையும் பார்த்தே கற்றிருந்தாள். ஆரம்பத்தில் கம்மென்று இருந்தாள். அவசரக்காரர்கள் நாலைந்து பேர் முட்டி மோதிக்கொள்ளட்டும் என்று விட்டாள். தினகரன் பெட்டியின் நுனிக்கு வந்து உட்கார்ந்து பல்லைக் கடித்தான். அவர்கள் ஓய்ந்த நேரம் பார்த்து ஒரே தாவாகத் தாவி ஒரு தொகையைப் போட்டாள். போட்ட வேகத்திலேயே மூன்று பேர் கழன்றார்கள். அடுத்து ஒரு தாவு, இன்னொருவர் காணாமல் போனார். முகம் தெரியாத ஆட்களைக்கூட இவள் இப்படி விரட்டுகிறாளே என்று தினகரனுக்கு வாய் பிளந்தது. இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொள்ள நான் போன ஜென்மத்தில் என்ன புண்ணியம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் ஒரே ஒரு ஆள் மட்டும் அசையவில்லை. சத்யா எவ்வளவு ஏற்றினாலும் கொஞ்ச நேரத்தில் அதற்கு மேல் ஒரு தொகை வந்து உட்கார்ந்தது.

"பெரிய கை போல கீது" என்றான் தினகரன்.

"பெரிய கையெல்லாம் இல்ல. கை நடுங்குது, பாரு, ஒவ்வொரு வாட்டியும் யோசிச்சு யோசிச்சு வருது." அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு திரையையே பார்த்தாள். "யோவ், இத்தப் பாத்தியா? இந்தாளு எத்தினி கேட்டாலும் கடைசில ஒத்த ரூபா ஒண்ணு சேத்து வெக்கறான்."

தினகரன் எட்டிப் பார்த்தான். ஆமாம், ஒவ்வொரு தொகையின் முடிவிலும் ஒரு ஒன்று நின்றது.

"அதனால இன்னா?"

"இன்னாவா? யாவாரி எவனாவது ஒத்த ரூபா சேப்பானா? ரவுண்டா கேப்பான், இல்லன்னா கொறைப்பான். ஒத்த ரூபா சேக்கறவன் மொய் வெக்கறவன்யா. இந்தாளு இத்த வாசிக்க வாங்கல, விக்கவும் வாங்கல. யாருக்கோ குடுக்க வாங்கறான். ஏலத்துல கேக்கறோம்ன்றதே மறந்துபோய், மொய் எழுதற கை பழக்கத்துக்கு ஒண்ணப் போட்டுகினே கீது."

பேசிக்கொண்டே சும்மா தலையைத் தூக்கியவள் பேச்சைப் பாதியில் விட்டாள். கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பக்கத்தில், பழவேற்காட்டு ஏரியைப் பார்த்தபடி ஒருவன் நின்றிருந்தான். போனை வானத்துக்கு நேராகத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பூபதிதான். தினகரன் இருக்கும் பக்கம் திரும்புவதில்லை என்று சபதம் எடுத்தவன் மாதிரி முதுகைக் காட்டி நின்றதால், கொட்டகையில் இவர்கள் உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

சத்யா ஒரு தொகையைப் போட்டாள். பூபதி போனைப் பார்த்தான். கையால் தலையில் அடித்துக்கொண்டான். அங்குமிங்கும் நடந்தான். பிறகு குனிந்து ஒற்றை விரலால் எதையோ அமுக்கினான். சத்யாவின் கையில் இருந்த போனில் புதுத் தொகை வந்தது. கடைசியில் ஒன்று.

"அண்ணந்தான்" என்றாள் சத்யா மெதுவாக.

பூபதிக்குக் கிட்டார் கம்பிக்கும் தூண்டில் நரம்புக்கும் வித்தியாசம் தெரியாது. அவன் வேறு யாருக்கு வாங்கப்போகிறான்? இத்தனை மாதமாக முகத்தில் முழிக்காத மனுஷன், வெயிலில் நின்று தன் காசைத் தண்ணியாக இறைத்துக்கொண்டிருக்கிறான். இறைக்க வைத்ததே நாம்தான் என்பது உறைத்ததும் தினகரன் எழுந்தான்.

"நிறுத்தச் சொல்லிட்டு வரேன். நாமளே வாங்கிக்கலாம், அவனுக்கு எதுக்குச் செலவு?"

சத்யா அவன் லுங்கியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"கம்முனு குந்து. நீ போய் நிறுத்தினா அவரு அப்டியே வூட்டுக்குப் போவாரு. அப்பறம் செத்தாலும் உன் பக்கம் வர மாட்டாரு. அவரு குடுக்கட்டும்யா. குடுத்தாத்தான் அவருக்கு மூச்சு வரும்."

அவள் போனை மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். ஒரு ஏலம் முடிந்தது என்றால் கரையிலும் அவள் அப்படித்தான் செய்வாள். ஜெயிக்க முடிந்த ஏலத்தை ஒருத்தி இவ்வளவு நிம்மதியாகத் தோற்று தினகரன் பார்த்ததில்லை. கரையில் நல்ல விலை பிடித்த நாட்களில்கூட அவள் இவ்வளவு உயரமாக அவனுக்குத் தெரிந்ததில்லை.

அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான் இருந்தது. நாலு மணியை நெருங்கும்போது திரையில் ஒரு புதுத் தொகை வந்து விழுந்தது. முழுத் தொகை, ஒன்றும் இல்லை, ஒட்டும் இல்லை.

"இது வேற ஆளு" என்றாள் சத்யா. "கடைசி வரைக்கும் கரையோரமா பதுங்கி கெடந்து பாயறான். இவன்தான் யாவாரி."

பூபதி போனைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, நடக்கவும் இல்லை. கவிழ்ந்த படகின் மேல் மெதுவாக உட்கார்ந்துவிட்டான். விரல் விட்டு எதையோ எண்ணினான். மறுபடியும் எண்ணினான். போனில் ஒரு தொகையை அடித்தான், ஆனால் அனுப்பாமலேயே அதை முழங்கால் மேல் சாய்த்துவிட்டான்.

"வுட்டுட்டான் சத்யா! நீ கேளு! நேரம் போவுது, கேளு!"

"இரு."

"இருக்கறதுக்கு ஏது நேரம்? இது உன் கரை இல்ல, நீ முடிச்சாத்தான் முடியும்னு கெடையாது. கடியாரம் முடிச்சுடும்!"

"கடைசி மூச்சுல நான் புடிச்சுக்கறேன். அதுவரைக்கும் இது அவரோட சரக்கு." சொல்லிக்கொண்டே அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஆளே இல்லாத கொட்டகையின் நடுவில், தினமும் நிற்கிற அதே இடத்தில் போய் நின்றாள். என்ன செய்யப்போகிறாள் என்று தினகரன் யோசிப்பதற்குள், கரை முழுக்க அதிரும் அந்தக் குரலை எடுத்தாள்.

"ஒரு தரம்!"

நாய் எழுந்து ஓடியது. படகின் மேல் பூபதியின் முதுகு நிமிர்ந்தது.

"ரெண்டு தரம்!"

அந்தக் கரையில் பிறந்தவன் எவனாக இருந்தாலும், சத்யா ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டால் சும்மா நிற்க முடியாது. வேண்டாத மீனைக்கூட அந்த இடத்தில் வாய்தவறிக் கேட்டுவிட்டு வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் நிறைய உண்டு. பூபதி திடுக்கிட்டுத் திரும்பினான். கொட்டகையைப் பார்த்தான். சத்யாவைப் பார்த்தான். பெட்டியில் உட்கார்ந்திருந்த தினகரனை, ஒதுங்கச் சந்து கிடைக்காமல், நேராகப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடித்து வைத்திருந்த தொகையின் மேல் அவன் கட்டைவிரல் பழக்கத்தில் இறங்கிவிட்டது.

சத்யா மூன்றாம் தரத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். புதுத் தொகை வந்திருந்தது. கடைசியில் ஒன்று. யாவாரி திரும்ப வரவில்லை. நான்கு மணி ஆனது, ஏலம் முடிந்தது என்று போன் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டு ஓய்ந்தது.

பூபதி தயங்கித் தயங்கி நடந்து வந்தான். "இன்னா தங்கச்சி, ஞாயித்துக்கெழம, மீனும் இல்ல மனுசனும் இல்ல, ஏலம் கூவற?" என்று கேட்டவன், அவள் கையில் இருந்த போனில் அதே கிட்டாரின் படத்தைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "அடப்பாவிங்களா. நீங்களா? எவனோ பெரிய யாவாரின்னு நெனச்சு, அவன் ஏழு தலமொறையையும் இழுத்துத் திட்டிகினு இருந்தேனே."

"எல்லாம் வந்து சேந்துச்சு அண்ணே" என்றாள் சத்யா. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், "ஏத்தி வுட்டது நாங்க. பாதி நாங்க போட்டுடறோம்" என்றாள்.

"மொய்ல பாதியத் திருப்பி வாங்குவாங்களா தங்கச்சி? எளங்கோவன்தான் காட்டினான். இந்தக் கிட்டார்லதான் மச்சானால வாசிக்க முடியும்னான். அத்தக் கேட்டதுக்கு அப்பறம் எனக்குத் தூக்கம் வரல."

அதைத் தினகரனைப் பார்க்காமல் சத்யாவிடம்தான் சொன்னான். தினகரன் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான். பூபதி உட்கார்ந்தான். தரையைப் பார்த்தபடியே இருந்தான். அன்று படகில் கேட்டிருக்க வேண்டியதை, ஆஸ்பத்திரியில் கேட்டிருக்க வேண்டியதை, இத்தனை நாள் சந்துகளில் ஒளிந்து சுமந்ததைக் கடைசியில் கேட்டான்.

"இன்னும் வலிக்குதா மச்சான்?"

"மழ வந்தா வலிக்கும்" என்றான் தினகரன். "நீ சந்துல ஒதுங்கினா அத்தவிட வலிக்குது."

பூபதி அவனுடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டே வந்தான். விரல் இல்லாத இடத்துக்கு வந்ததும் அங்கே நின்றான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. தினகரன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.