அவள் முறை வந்த கோடை

கணவனும் மனைவியும் பிரிந்தபோது வீட்டையும் காரையும் பங்கு போடுவதில் அவர்களுக்குள் தகராறே வரவில்லை. படகில்தான் இழுபறி. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் வக்கீலம்மா அலுத்துப்போய் ஒரு வழி சொன்னார்: ஒரு கோடை அவருக்கு, அடுத்த கோடை அவளுக்கு. போன வருடம் அவர் போய்வந்துவிட்டார். இந்த வருடம் அவள் முறை.

கண் பரிசோதித்துக் கண்ணாடி செய்துகொடுக்கும் கடை வைத்திருந்தாள் அவள். அதனால் படகுத்துறையில் எல்லோருக்கும் ‘கண்ணாடிக்காரம்மா’. வயது நாற்பத்தொன்பது. பதினான்கு கோடைகள் அந்தப் பாய்மரப் படகில் போயிருக்கிறாள் என்றாலும் சுக்கானைப் பிடித்தது எப்போதும் அவர்தான். அவள் கயிறு பிடித்தாள், டீ போட்டாள், வரைபடத்தை மடித்து நீட்டினாள். பிறகு எதற்காக அந்தப் படகுக்கு அவ்வளவு மல்லுக்கட்டினாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. “உனக்கு எதுக்கு அது?” என்று அவர் கேட்ட தோரணைதான் காரணமாக இருக்கவேண்டும்.

கோடைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே திட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் கண்ணாடி மேஜைமேல் கடற்கரை வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் ஃபிரேம் பெட்டிகளை வைத்து அமுக்குவாள். எந்த நேரத்தில் நீர்மட்டம் ஏறும், எந்த விரிகுடாவில் நங்கூரம் பிடிக்கும், எங்கே பாறை என்று ஒரு நோட்டில் எழுதினாள். ஒன்பது நாள், ஐந்து விரிகுடா.

ஒருநாள் கண்ணாடி வாங்க வந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, கடையை வேற ஊருக்கு மாத்தறீங்களா?”

“இல்ல சார். லீவுக்குப் படகுல போறேன்.”

“அட! யாரெல்லாம் போறீங்க?”

“பாக்கணும் சார்,” என்றாள்.

பார்த்தாள். முதலில் அக்காவைக் கேட்டாள். “பஸ்ல ஜன்னல் சீட் கிடைக்கலன்னாலே எனக்கு வாந்தி வரும். இதுல படகா? ஆளை விடுடி,” என்றாள் அக்கா. வேறு யாரைக் கேட்கலாம் என்று போனைத் திறந்து ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டே போனாள். பாதிப் பேர் அவருடைய நண்பர்கள். மீதிப் பேர் கண்ணாடி வாங்குகிறவர்கள்.

படகைக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அதன் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்து, ஒட்டிக்கிடந்த சிப்பிகளைச் சுரண்டினாள். துகள் மூக்கிலும் காதிலும் போயிற்று. ஐந்தாவது ஞாயிறு சிவப்புப் பெயிண்ட் அடித்தாள். திங்கட்கிழமை கடையில் ஒருவருக்குக் கண் பார்க்கும்போது, அவர் எழுத்துப் பலகையை விட்டுவிட்டு அவள் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கேபினில் எல்லாமே அவர் உயரத்துக்கு அமைந்திருந்தது. விளக்குச் சுவிட்சைத் தொட அவள் நுனிக்காலில் நிற்கவேண்டும். இருக்கைக்கு அடியிலிருந்த பெட்டியில் மிதவைச் சட்டைகள் இருந்தன. தன்னுடையதை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். தொளதொளவென்று தொங்கியது. போன கோடையில் யாரோ அவளைவிடப் பருமனான ஒருத்தி அதைப் போட்டிருந்திருக்கிறாள். அவள் படகின் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாராக இழுத்துத் தன் அளவுக்கு இறுக்கினாள். இரண்டு நிமிட வேலைதான். எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று.

ஒரு சனிக்கிழமை காலை கிரேன் படகைத் தண்ணீரில் இறக்கியது. இன்ஜினைப் போட்டாள், ஓடியது. ஆனால் பின்பக்கக் குழாயில் குளிர்விக்கும் தண்ணீர் வரவில்லை. உடனே நிறுத்தினாள். மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவார். அவள் புறப்படவேண்டியதோ அதே திங்கள் விடியற்காலை. அந்த இன்ஜினைத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு அவருக்குப் போன் செய்தாள்.

“நான்தான்.”

“தெரியுது. என்ன, எல்லாம் சரியா இருக்கா?”

“இன்ஜின் ஓடுது. பின்னால தண்ணி வரல.”

“முதல்ல நிறுத்து.”

“நிறுத்திட்டேன். அதுகூடவா தெரியாது எனக்கு?”

“சரி, சரி. கடல் தண்ணி வால்வு மூடியிருக்கும். உள்ள இறங்கற படி இருக்குல்ல, அதைக் கழட்டு. பின்னால இடது பக்கமா கையை விடு. சிவப்புப் பிடி ஒண்ணு தட்டுப்படும். அதைக் கால் சுத்து திருப்பணும்.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையை விட்டாள். பிடி கிடைத்தது.

“அசையவே மாட்டேங்குது.”

“மல்லுக்கட்டாதே, உடைஞ்சிடும். முன்னும் பின்னும் மெதுவா ஆட்டு. கொஞ்சினாத்தான் கேக்கும் அது.”

ஆட்டினாள். திடீரென்று இளகித் திரும்பியது. மேலே போய் இன்ஜினைப் போட்டதும் பின்குழாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். “வந்துடுச்சு போல!” என்றார். பழைய சந்தோஷம் அவர் குரலில் அப்படியே இருந்தது. அதற்கப்புறம் எப்படிப் போனை வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

“கூட யாரு வர்றா?”

“அக்கா வர்றாங்க,” என்று வாயில் வந்துவிட்டது.

“அக்காவா! பரவாயில்லையே. நல்லது. நீ தனியா போறியோன்னு நினைச்சேன்.”

மறுநாள் அக்கா கூப்பிட்டாள்.

“ஏண்டி, நான் படகுல வர்றேனாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“யாரு சொன்னா?”

“உன் வீட்டுக்காரர்தான். சரி, முன்னாள் வீட்டுக்காரர். கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வாந்தி மாத்திரை போட்டுக்கோங்கன்னு எனக்குப் பாடம் எடுக்கறார். நான் திருதிருன்னு முழிச்சேன்.”

“நீ என்ன சொன்னே?”

“சரிங்க, போட்டுக்கறேன்னு சொன்னேன். உன்னை மாட்டிவிடவா முடியும்?” அக்காவின் குரல் தணிந்தது. “ஏண்டி பொய் சொன்னே?”

“தனியாப் போறேன்னு சொன்னா, ‘அய்யோ பாவம்’னு ஒரு மூச்சு விடுவார் பாரு. அதை என்னால கேக்க முடியாதுக்கா.”

“அழறியா?”

“இல்ல. பெயிண்ட் வாசனை.”

“போகாதேன்னு சொன்னா கேக்கவா போறே? போயிட்டு வா. சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் கூப்பிடு. நான் இங்கதான் இருப்பேன்.”

திங்கள் காலை கிளம்பும்போது படகின் பக்கவாட்டைத் துறையின் மரத்தூணில் நீளமாக உரசிவிட்டாள். நல்லவேளை, பார்க்க யாரும் இல்லை. வெளிக்கடலில் பாயை விரித்ததும் காற்று பிடித்தது. படகு சாய்ந்து சீறிக்கொண்டு போனது. சுக்கானின் அதிர்வு உள்ளங்கை வழியாகத் தோள்வரை ஏறியது. பதினான்கு வருடமாக இதைத்தான் அவர் தனியாக வைத்துக்கொண்டிருந்தாரா! “பாரேன்!” என்று பக்கத்தில் திரும்பிச் சொன்னாள். பக்கத்தில் சுருட்டிய கயிறு மட்டும்தான் இருந்தது.

முதல் விரிகுடாவில் நங்கூரம் இரண்டு தடவை வழுக்கி மூன்றாவது தடவைதான் பிடித்தது. அடுத்த இரண்டு நாளும் கையில் கொப்புளமே தவிர வேறு குறையில்லை. மாலையில் அக்காவோடு பேசினாள். நான்காம் நாள் போய்ச் சேர்ந்த இடத்தைச் சுற்றி உயரமான பாறைகள். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஐந்தாம் நாள் விழித்தபோது மூடுபனி. படகின் முனையே கண்ணுக்குத் தெரியவில்லை. பகல் முழுவதும் அப்படியே இருந்தது. அவள் சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், கழுவிய பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவினாள். எங்கோ ஒரு பறவை கத்தியது. அதுவும் பிறகு நின்றுவிட்டது.

ஆறாம் நாள் காலையிலும் பனி விலகவில்லை. கடலோரக் காவல் நிலையத்தை ரேடியோவில் கூப்பிடலாம் என்று மைக்கை எடுத்தாள். வாயைத் திறந்தால் குரலே எழும்பவில்லை. காற்றுதான் வந்தது. கடைசியாகப் பேசி இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு படகின் எண்ணையும் இருக்கும் இடத்தையும் சொன்னாள்.

“சொல்லுங்க, கேக்குது,” என்றார் மறுமுனையில் ஒரு மனிதர். தூக்கக் கலக்கக் குரல். “படகுல எத்தனை பேர்?”

“ஒருத்தர். நான் மட்டும்தான்.”

“சரிங்க.” ஏதோ எழுதும் சத்தம் கேட்டது. “பத்து மணிக்கு மேல பனி விலகிடும். காத்து தென்மேற்கு, மிதமாத்தான் இருக்கும். அலை ஒரு மீட்டருக்குள்ள. பயமில்லாம போகலாம்.”

எல்லாம் தெளிவாகக் கேட்டது. நோட்டில் எழுதியும்விட்டாள்.

“சரியாக் கேக்கலைங்க,” என்றாள். “இன்னொரு தடவை சொல்றீங்களா?”

அவர் முதலிலிருந்து, இன்னும் நிதானமாகச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பத்தேகாலுக்குப் பாறைகளின் தலை தெரிந்தது. சேற்றில் புதைந்துபோயிருந்த நங்கூரத்தை மேலே கொண்டுவர அரை மணி நேரம் பிடித்தது. முதுகு விண்ணென்று தெறித்தது. ஐந்தாவது விரிகுடாவுக்கு இன்னும் பதினெட்டு மைல்.