முப்பத்தோராவது கப்பல்

தேர்த்திருநாள் காலை. தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் கிரிஷாந்தன் தன் ஆய்வேட்டை விரித்தபோது, வலப்பக்கம் மேல் லயத்து வீட்டுவரிசை ஆட்கள் நின்றார்கள், இடப்பக்கம் கீழ் லயத்து ஆட்கள். நடுவில் ஒரு லொறி போகுமளவு பகை.

விஷயம் முதல் காளாஞ்சி. தேங்காய்மூடி, பழம், வெற்றிலை வைத்த அந்தத் தட்டு, அம்மனின் வாளைக் கொண்டுவந்தவரின் வாரிசுக்குத்தான் முதலில் நீட்டப்படும். மன்னார்ப் பக்கத்துத் தீவுகளில் இந்தியாவிலிருந்து வந்த கப்பல் உடைந்தபோது, வாளைப் பல்லில் கடித்தபடி நீந்திக் கரைசேர்ந்தது தன் பூட்டன் என்பார் மேல் லயத்து முருகையா. இல்லை, தன் பூட்டன் என்பாள் கீழ் லயத்து வடிவம்மா. பூட்டன்மாரைக் கேட்கவும் வழியில்லை, வாயில் வாள். பத்தொன்பது வருஷமாக ஒரு லயத்துச் சாவுக்கு மற்ற லயம் போனதில்லை.

முருகையாவின் மகன் கிரிஷாந்தன் அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிய கப்பல்களைப் பற்றித்தான் பல்கலைக்கழகத்தில் எழுதியிருந்தான். கடலை இரண்டு தடவை பார்த்திருக்கிறான். ஆதாரம் காட்டினால் சண்டை நின்றுவிடும் என்று நம்புமளவுக்குப் படித்திருந்தான்.

"நம்ம பூட்டன் பேர மட்டும் சத்தமா வாசி," என்று முருகையா காதில் சொன்னார். போன வருஷம் தட்டு கீழ் லயத்துக்குக் கைமாறிய பிறகு அவர் கோயிலுக்கே வரவில்லை. இன்று புதுவேட்டி.

கிரிஷாந்தன் வாசித்தான். முப்பது கப்பல்களில் அரிசியும் கருவாடும். ஆள் ஏற்றிவந்தது முப்பத்தோராவது மட்டும்.

"கூலி ஆளுங்க எண்பத்து நாலு பேரு. பேரு எழுதல. ஒருத்தரும் தப்பல." நேர்மை அவனை அத்தோடு விடவில்லை. "ரெண்டு குதிர மட்டும் கரையேறியிருக்கு. அதுகளுக்குப் பேரு இருக்கு."

"அப்ப நாங்க என்ன, குதிரைக்குப் பொறந்தவங்களாடா?" என்றாள் வடிவம்மா.

யாரும் சிரிக்கவில்லை. முருகையா பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் பேசினார்.

"பாத்தியா வடிவு, படிக்க வச்சேன். ஒம் பூட்டனையும் எம் பூட்டனையும் சேத்துக் கொன்னுட்டான்."

"இவன் தேர்ல கை வைக்கப்படாது," என்றாள் வடிவம்மா.

"கோயிலுக்குள்ளயே வரப்படாது," என்றார் முருகையா.

பூசாரி நீட்டிய தட்டை இருவரும் ஆளுக்கொரு ஓரமாய்ப் பிடித்தார்கள். ஒருவரும் விடவில்லை.

தேயிலை ஃபெக்டரி வளைவில் தனியாக நின்ற கிரிஷாந்தனை நோக்கித் தேர் வந்தது. ஒரு வடத்தில் அப்பா, மறு வடத்தில் வடிவம்மா, பின்னால் இரண்டு லயமும் கலந்து.

அப்பா அவனைப் பார்த்தார்.

"ஓரமாப் போங்க தம்பி," என்றார், பண்டாரவளை பஸ்ஸில் யாரோ ஒருவனிடம் சொல்வதுபோல.

அவன் தேயிலைக்குள் இறங்கினான். பச்சை இடுப்புவரை வந்தது. அம்மன் கடக்கையில் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினான். வடம் பிடித்தவர்கள் திரும்பாமல் இழுத்துப் போனார்கள்.