தையல் இல்லாத வயிறு

ஏரிப் பாசனத் தலைவர் செங்கேணிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரில் எவருக்கு அறுவை நடந்தாலும் ஹார்லிக்ஸ் புட்டியோடு நலம் விசாரிக்கப் போவார். தையலைப் பார்த்த பிறகே புட்டி கைமாறும். குடல்வால், குடலிறக்கம், பித்தப்பை என்று அவர் பார்த்துத் தலையசைக்காத தழும்பு உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

வரதன் சென்னையிலிருந்து திரும்பியபோதும் போனார். அவன் இரைப்பையில் புற்றுக்கட்டி ஒன்றைத் தொடக்கத்திலேயே கண்டு அகற்றியிருந்தார்கள். வரதன் சட்டையைத் தூக்கினான். வயிறு புது மத்தளம்போல் வழவழவென்று இருந்தது.

"தையல் எங்கடா?"

"வெளியில ஏது மாமா? வாய் வழியா காமிராக் குழாய வுட்டு உள்ளயே அறுத்து எடுத்துட்டாங்க. கொஞ்ச நாளைக்கு மண்வெட்டி தூக்கக் கூடாதாம்."

செங்கேணி புட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார்.

வாய்க்கால் தூர்வார ஆள் அனுப்பாத வீட்டின் வயலுக்கு மடை திறக்காது என்பது ஊர்க் கட்டுப்பாடு. நோயாளிக்கு விலக்கு உண்டு. நோயாளி யார் என்று தீர்மானிப்பவர் தலைவர். தீர்ப்பு டீக்கடையில் வந்தது: வண்டலூரில் புலி பார்த்துவிட்டு வருகிறவன் வயிற்றிலும் தையல் இருக்காது. கடையே சிரித்தது. வரதனின் மனைவி இளவரசி தானே வருவதாகச் சொல்லிப் பார்த்தாள். நல்ல வயிறு உள்ளவன் வரட்டும் என்றுவிட்டார். கதிர் பிடிக்கும் நெல் வாடத் தொடங்கியது.

வரதன் வந்தான். நாலு வெட்டு வெட்டியதும் வாய்க்காலிலேயே இரத்தமாக வாந்தி எடுத்தான்.

செங்கேணிதான் அவனைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு விரைந்தார். மருத்துவர் மறுபடியும் வாய் வழியாகவே குழாயைச் செலுத்தி, கசிந்த இடத்தைச் சிறு கிளிப்புகளால் கவ்வி நிறுத்தினார். பிறகு, சொந்தக்காரர்தானே என்று செங்கேணியிடம் படத்தைக் காட்டினார்: சிவந்த வட்டப் புண்ணும் அதைக் கவ்விய வெள்ளிக் கிளிப்புகளும். ஊரார் தழும்பையெல்லாம் தேடித்தேடிப் பார்த்தவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எங்க ஊருக்காக வெளியில ஒரு கீறல் போட்டு அனுப்பிருக்கலாமே, சார்," என்றார்.

கீறாமல் இருக்கத்தானே இத்தனை பாடு என்றார் மருத்துவர்.

மறுநாள் அதே டீக்கடையில், யாரும் கேட்காமலே அவர் வாய் திறந்தார். "காயம் கீது. நான் பார்த்தேன். பொய் சொன்னவன் நான்தான்." கடை சிரிக்கவில்லை. வரதன் பங்கு வாய்க்காலைத் தாமே வெட்டினார். தம் வயலுக்கு உரிய முறைத் தண்ணீரை அவன் வயலுக்குத் திருப்பிவிட்டார்.

வரதன் வீடு திரும்பிய அன்று வாசலிலேயே புட்டியை இளவரசி கையில் கொடுத்தார். வரதன் பழக்கதோஷத்தில் சட்டையைத் தூக்கப் போனான்.

"எறக்குடா," என்றார் செங்கேணி, தரையைப் பார்த்தபடி.